வேற டிசைன் காட்டுங்க ஆண்டவரே

நான் பிறவிச் சோம்பேறி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லப்போகும் மனுஷிக்கு நடந்த நல்லது ஒன்றில் என் சோம்பேறித்தனத்துக்கும் பங்கு உண்டு. அதை எங்கேயாவது பதிவு செய்யாவிட்டால் என் மனைவி நம்ப மாட்டாள்.

கடலூரில் எங்கள் சபை ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. அதில் ஜன்னலோரமாகச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொள்ள வாகாக ஓர் இடம் இருந்தது. 2004இல் கல்யாணமாகி மனைவியின் சபைக்கு நான் வந்து சேர்ந்த முதல் ஞாயிறே அதைக் கண்டுபிடித்துவிட்டேன். அதன்பிறகு யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. எனக்கு நேர் எதிரே, வாசல் கதவுக்குப் பக்கத்தில் அந்த அக்கா நிற்பார். ஆரம்பப் பாடலுக்கும் நிற்பார், ஜெபத்துக்கும் நிற்பார். பாஸ்டர் ஒன்றே கால் மணி நேரம் பிரசங்கம் செய்து, அதில் தானே களைத்துப்போய் ஸ்டூலில் சாய்ந்துகொள்ளும்போதும் அக்கா நின்றுகொண்டுதான் இருப்பார். சபையில் அறுபது பிளாஸ்டிக் நாற்காலிகள் இருந்தன. அவற்றில் ஒன்றில்கூட அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

முதல் நாள் வாசலில் என்னை வரவேற்றதும் அவர்தான். குட்டையான உருவம், இறுக்கமான கொண்டை, இரண்டு கையும் முன்னால் நீண்டபடி ஒரு கும்பிடு.

"வாங்க வாங்க. உள்ள ஃபேன் கிட்ட எடம் இருக்குது. பாத்துட்டு, புடிச்சா உக்காருங்க."

ஆலயத்தில் இப்படி ஒரு வரவேற்பை நான் கேட்டதில்லை. செருப்பைக் கழற்றிக்கொண்டே மனைவியைப் பார்த்தேன். அக்கா சிதம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் இருபது வருடமாகப் புடவைப் பிரிவில் சேல்ஸ் என்று அவள் காதைக் கடித்தாள். அப்புறம்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. காணிக்கைப் பை முதல் பந்திப் பாய் வரை கையில் கிடைத்த எதையும் நான்காக மடித்து ஓரத்தை விரலால் நீவிவிடுவார். யாருக்காவது ஜெபிக்கச் சொன்னால் கடவுளிடம் கடைக்குரலிலேயே பேசுவார். ஒரு பெண்ணுக்கு வரன் அமையவில்லை என்று ஜெபித்தபோது, "இது வரைக்கும் காட்டுனது ஒண்ணும் சரியில்ல ஆண்டவரே, கொஞ்சம் மேல் தட்டுலேர்ந்து எடுங்க" என்று அவர் கேட்டதை என் காதால் கேட்டேன். நான் சிரிப்பை அடக்கமுடியாமல் இருமினேன். அந்தப் பெண்ணுக்கு அந்த வருடமே கல்யாணம் ஆனது.

எனக்கும் வேலை சிதம்பரத்தில்தான், ஒரு கல்லூரி அலுவலகத்தில் கிளார்க். அதனால் வாரத்தில் ஆறு நாள் காலையில் திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் இருவரும் ஒரே பஸ்ஸைப் பிடிப்போம். பஸ் உள்ளே நுழைந்து முழுசாக நிற்பதற்குள் அக்காவின் சாப்பாட்டுப் பை ஜன்னல் வழியே பறந்து ஒரு சீட்டில் விழுந்துவிடும். குறி தப்பாது. அந்த சீட் அவருக்கல்ல. கைக்குழந்தைக்காரி, தடி ஊன்றியவர், மூட்டை தூக்கியவர் என்று யாரையாவது தேடிப்பிடித்து உட்கார வைப்பார். அப்படி யாரும் அகப்படாத நாளில், "தம்பி, நீ வா" என்பார். நானும் கொஞ்சமும் கூச்சப்படாமல் போய் உட்காருவேன். புதுச்சத்திரம் வருவதற்குள் தூங்கியும்விடுவேன். முட்லூரில் கண் விழித்துப் பார்த்தால் கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்கா நின்றபடியே வருவார். ஒன்றரை மணி நேரப் பயணம். சிதம்பரத்தில் இறங்கினால் கடையில் பத்து மணி நேரம் நிற்க வேண்டும். சாயங்காலம் அதே கம்பி.

ஒரு கிறிஸ்துமஸுக்கு முன்னால் மனைவியை அந்தக் கடைக்கு அழைத்துப் போனேன். வாடிக்கையாளர்களுக்கு மெத்தை விரித்த தரை, காற்றாடி, குடிக்கக் கலர். எதிரே நிற்கிறவர்களுக்கு ஒரு முக்காலிகூடக் கிடையாது. உட்கார்ந்தால் கடைக்கு மரியாதை இல்லையாம், முதலாளியின் சட்டம். என் மனைவி ஒரே ஒரு புடவை எடுக்க நாற்பது புடவைகளைப் பிரிக்க வைத்தாள். அக்கா ஒவ்வொன்றாகத் தோளில் போட்டுக் காட்டினார், மடித்தார், அடுத்ததை எடுத்தார். கடைசியில் முதலில் பார்த்ததையே எடுத்துக்கொண்டோம். மற்ற முப்பத்தொன்பதையும் மடித்து அடுக்குவதற்காக அவர் திரும்பியபோது புடவையின் கரை இரண்டு அங்குலம் விலகியது. இடது கணுக்காலில் அழுக்கேறிய ஒரு கட்டு. அதற்கு மேலே கருநீலமாக நரம்புகள் சுருண்டு கிடந்தன. நான் பார்த்ததை அவரும் பார்த்தார். "கொசுக்கடி" என்றார். அவ்வளவு பெரிய கொசு சிதம்பரத்தில் இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

இனி என் பங்கு.

எங்கள் சபையில் புத்தாண்டு முதல் நாள் காலை ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை கொடுப்பார்கள். ஒரு தாம்பாளம் நிறைய சின்னச் சின்ன அட்டைகள். ஒவ்வொன்றிலும் வேதத்திலிருந்து ஒரு வாக்கு. மேலே வெள்ளைத் துணி மூடியிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டு ஒன்றை எடுக்க வேண்டும். அதுதான் அந்த வருடம் கர்த்தர் உங்களுக்குச் சொல்லும் வார்த்தை. பல்லாவரத்துக்குக் கல்யாணமாகிப் போன பெண்கூட அன்றைக்கு மட்டும் வந்து எடுத்துப் போகும். அட்டைகளைச் சென்னையில் கடையில் வாங்குவதுதான் வழக்கம். 2009க்கு அட்டை வாங்கும் நேரத்தில் பாஸ்டருக்கு ஒரு யோசனை தோன்றியது. "தம்பி ஆபீஸ்லதான் கம்ப்யூட்டர் இருக்கே."

நூற்றிருபது அட்டைகள் வேண்டும். நான் வேதத்தைப் புரட்டி நல்ல வசனங்களாகத் தேட ஆரம்பித்தேன். பன்னிரண்டு சேர்ந்தபோது டீ குடிக்கும் நேரம் வந்துவிட்டது. திரும்பி வந்தபோது தேடும் ஆர்வம் போயிருந்தது. இருக்கிற பன்னிரண்டையே நகல் எடுத்து ஒட்டி நூற்றிருபதாக்கிவிட்டேன். வரிசையில் முதலாவதாக இருந்தது, பாரம் சுமந்து களைத்தவர்களுக்கு ஆண்டவர் இளைப்பாறுதல் தருவதாகச் சொல்லும் வசனம். மேலே இருந்ததால் கை அதன்மேலேயே போனது. அது எத்தனை தடவை ஒட்டப்பட்டது என்று நான் எண்ணவில்லை. அடுத்தடுத்த வருடங்களில் அதே ஃபைலைத் திறந்து, வருடத்தை மட்டும் மாற்றி, பிரிண்ட் கொடுத்துவிட்டு எழுந்துவிடுவேன். ஒரு வீட்டில் நாலு பேருக்கும் ஒரே அட்டை வந்தது. குடும்பத்துக்கே ஒரே வாக்கு என்று அவர்கள் சாட்சி சொல்லி அழுதார்கள். நான் என் சுவரில் இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொண்டேன்.

அந்த 2009 புத்தாண்டில் அக்கா முதல் அட்டையை எடுத்ததை என் இடத்திலிருந்து பார்த்தேன். வாசித்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். நூல் தரம் பார்ப்பதுபோல ஓரத்தை விரலால் தேய்த்தார். பிறகு சபையில் எவரும் செய்யாத ஒரு காரியம் செய்தார். துணியைத் தூக்கி அட்டையைத் திரும்பத் தாம்பாளத்தில் போட்டார்.

"வேற டிசைன் காட்டுங்க ஆண்டவரே" என்று முணுமுணுத்துக்கொண்டே இன்னொன்றை எடுத்தார். அதுவும் இளைப்பாறுதல்தான். இத்தனை வருடமாகத் தன்னிடம் வந்த வாடிக்கையாளர்கள் அத்தனை பேருடைய பிடிவாதமும் அன்றைக்கு அவர் முகத்தில் இருந்தது. பாஸ்டர் வேறு வழியின்றிச் சிரித்தார். 2010லும் அதே அட்டை வந்தது. அந்த முறை அவர் மாற்றவில்லை. பயந்துவிட்டார்.

மறுநாள் பஸ்ஸில் எனக்குத்தான் சீட் பிடித்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு என் தலைக்கு மேலே குனிந்தார்.

"மூணு தடவ சொல்லிட்டாரு தம்பி. இனிமே கேக்கலன்னா தப்பு. இந்த ரெஸ்ட் எடுக்குறதுன்னா எப்டின்னு எனக்குத் தெரியாது. நம்ம சபையில அதுல உன்ன விட்டா வேற ஆளு கெடையாது. நீதான் கத்துக்குடுக்கணும்."

என் வாழ்க்கையில் என் திறமையை மதித்து ஒருவர் என்னிடம் வந்தது அதுவே முதல் தடவை.

பயிற்சி ஞாயிற்றுக்கிழமை மாலை தேவனாம்பட்டினம் கடற்கரையில் என்று முடிவானது. என் மனைவி சுண்டலுக்காகக் கூட வந்தாள். அக்கா ஒரு பழைய டைரியுடன் வந்திருந்தார். அதில் எழுதியிருந்ததை என்னிடம் காட்டினார்: ஐந்து மணி முதல் ஐந்து பத்து வரை சும்மா இருத்தல், ஐந்து பத்து முதல் ஐந்து இருபது வரை கடல் பார்த்தல். நான் டைரியை வாங்கி என் மனைவியின் பையில் போட்டேன். மணலில் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார். அதைப் பார்த்ததும் எனக்கே ஒரு மாதிரி இருந்தது, கூச்சம்போல.

"இப்ப இன்னா பண்ணணும்?"

ஒன்றும் பண்ணக்கூடாது என்றேன். சரி என்று தலையாட்டினார். ஒரு நிமிடம் ஆகியிருக்கும். எங்கள் பக்கத்தில் பஜ்ஜிக்கடை போடும் அம்மாள் ஒருவர் காற்றில் பறக்கும் தார்ப்பாயுடன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நான் கண்ணை மூடித் திறந்தேன். அக்கா தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தார். திரும்ப அழைத்து வந்து உட்கார வைத்தேன். அடுத்து ஒரு குழந்தையின் செருப்பை அலை இழுத்துக்கொண்டு போனது. அதற்கும் அடுத்து, மணலில் படுத்திருந்த ஒரு புதுமண ஜோடியின் துண்டைக் காற்று சுருட்டிவிட்டது. அக்கா போய் அதை நான்காக மடித்து அவர்கள் தலைமாட்டில் வைத்தார். அந்த மாப்பிள்ளை பயந்து எழுந்து உட்கார்ந்துவிட்டான். ஆறு மணிக்குள் கடற்கரையில் இருந்த பாதிப் பேருக்கு அக்காவைத் தெரிந்துவிட்டது. நான் மட்டும் மணலில் மல்லாந்து கிடந்தேன். என் மனைவி சிரித்துச் சிரித்து சுண்டலைச் சிந்தினாள்.

திரும்பி நடக்கும்போது அக்கா நொண்டினார். அப்போதுதான் சொன்னார்.

அவருடைய மகனுக்கு ஆறு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. வீட்டுக்காரர் அதற்கு முன்பே தவறிப்போயிருந்தார். ஆஸ்பத்திரியில் பையன் கண் திறக்காமல் கிடந்தான். ஐந்தாம் நாள் பக்கத்துக் கட்டில்காரர்கள் தங்கள் பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துப் போனார்கள். அதைப் பார்த்துக்கொண்டே அக்கா ஒரு பொருத்தனை செய்தார். பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தால் இந்த ஜென்மத்தில் இனி சும்மா உட்கார மாட்டேன், உம்முடைய வேலை எதையும் மாட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆறாம் நாள் பையன் தண்ணீர் கேட்டான்.

காய்கறி நறுக்க உட்காருவது வேலை, அது கணக்கில் வராது. துணி தைக்க உட்காருவதும் அப்படியே. பஸ்ஸில் உட்காருவதை அவர் நெடுநாள் யோசித்தாராம். பஸ்ஸை ஓட்டுவது டிரைவர், தான் செய்ய அங்கே ஒன்றும் இல்லை, ஆகவே அது சும்மா உட்காருவதுதான் என்று முடிவு செய்து நின்றுவிட்டார். கடற்கரைக்கு மட்டும் எப்படி ஒத்துக்கொண்டார் என்று கேட்டேன். இது ஆண்டவரே கொடுத்த பயிற்சி, சும்மா இல்லையே என்றார். இந்த விஷயம் மகனுக்குத் தெரியுமா என்றேன்.

"சொல்ல மாட்டேன். அவனுக்காக நிக்கிறேன்னு தெரிஞ்சா அவனால எங்கயும் உக்கார முடியாது."

அந்த மகனை எனக்குத் தெரியும். சென்னையில் ஒரு மொபைல் கடையில் வேலை. தொண்ணூறு கிலோ எடையும், எப்போதும் எதையாவது மெல்லும் வாயும், திறந்த சிரிப்பும். எங்கள் சபை நாற்காலிகளில் இரண்டை உடைத்தவன். அம்மா உட்காராத அளவுக்கும் சேர்த்து அவன் உட்கார்ந்தான்.

2011 புத்தாண்டிலும் அக்காவுக்கு அதே அட்டை. அந்த வருடம் ஐப்பசி மழை தொடங்கியபோது கால் புண் உள்ளங்கை அகலத்துக்கு வந்துவிட்டது. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைச் சுருக்கினார்கள். என் மனைவி அவரை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள். நரம்புக்கு ஆபரேஷன் செய்ய வேண்டும், அதன்பின் மூன்று மாதம் காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும் என்றார் டாக்டர். தை பிறப்பதற்குள் செய்யாவிட்டால் பாதத்துக்கு உத்தரவாதம் இல்லை என்றும் சொல்லியிருக்கிறார். சும்மா என்ற சொல்லை அவர் மூன்று தடவை சொன்னதாக மனைவி சொன்னாள். அக்காவின் முகம் ஒவ்வொரு தடவையும் சுருங்கியதாம்.

பாஸ்டரிடம் பேசிப் பார்க்கச் சொன்னேன். பாஸ்டர் நல்ல மனிதர். கிருபை என்பது நாம் நின்று சம்பாதிப்பதல்ல, பொருத்தனையிலிருந்து கர்த்தர் உங்களை விடுவிக்கிறார் என்று தலையில் கை வைத்து உருக்கமாக ஜெபித்தார். ஆமென் சொல்லிக் கையை எடுத்ததும், கிறிஸ்துமஸ் விருந்துக்கு எத்தனை கிலோ அரிசி போடலாம் என்று கேட்டார். நாற்பது என்று சொல்லிவிட்டு அக்கா அடுப்படிக்குப் போய்விட்டார்.

நான் விடவில்லை. டிசம்பரில் ஒருநாள் பஸ்ஸில் என் சீட்டிலிருந்து எழுந்து நின்று, அவரை உட்காரச் சொல்லி மன்றாடினேன். கம்பியை விடவில்லை.

"காலு போனாப் போவட்டும் தம்பி. நான் குந்திகினு, புள்ளைக்கு எதுனா ஆயிட்டா?"

அதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. வருடா வருடம் ஆண்டவரே சொல்கிறாரே அக்கா, அட்டையைப் பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அந்த அட்டை எப்படி வந்தது என்று எனக்கல்லவா தெரியும்? சொன்னால் ஏமாற்று. உண்மையைப் போட்டு உடைத்தால் அவர் காலுக்காகப் பேச இருக்கும் ஒரே சாட்சியும் போய்விடும். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அன்றுதான் நான் சிதம்பரம் வரை நின்றுகொண்டே போனது. எங்கள் இருவருக்கும் நடுவே அந்த சீட் காலியாக வந்தது. முட்லூரில் ஏறிய ஒருவர் எங்களை விசித்திரமாகப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

வருடக் கடைசியில் புயல் அடித்தது. கடலூரில் நிமிர்ந்து நின்ற மரம் குறைவு. கரண்ட் இல்லை, போனில் டவர் இல்லை, குடிதண்ணீருக்கு அலைந்தோம். எங்கள் சபையின் கூரையில் பாதி பக்கத்துத் தெருவில் கிடந்தது. என் சுவர் மட்டும் ஆடாமல் நின்றது. அதில் ஆண்டவரின் சித்தம் இருப்பதாக நான் சொன்னபோது மனைவி முறைத்தாள்.

ஆனாலும் புத்தாண்டு காலையில் முப்பது பேர் வந்துவிட்டார்கள். அக்கா எல்லாருக்கும் முன்னால் வந்து, கட்டுப்போட்ட காலோடு ஈரத்தில் நின்று பெருக்கிக்கொண்டிருந்தார். வாசலில் கதவு இல்லாவிட்டாலும் கதவு இருந்த இடத்தில் நின்று வாங்க வாங்க என்றார். சாய்ந்து கிடந்த பீரோவை நாலு பேர் நிமிர்த்தினோம். உள்ளே நான் அச்சடித்து வைத்திருந்த அட்டைகள். போன மூன்று வருடங்களின் மிச்ச அட்டைகளும் அதே பையில் இருந்தன. எல்லாம் தண்ணீர் குடித்து ஒரே கட்டியாகிவிட்டன. காயவைத்துப் பார்க்கலாம் என்றார் பாஸ்டர். ஈரத்தில் ஒட்டிக்கொண்டதைக் கிழியாமல் பிரிக்க அக்காவை விட்டால் யார்?

நாற்காலிகளை வெயிலில் வரிசையாகப் போட்டு, ஒவ்வோர் அட்டையாக உரித்து ஒவ்வொரு நாற்காலியிலும் பரப்பினார். பரப்பும்போதே வாசித்தார். நான் சுவரில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது நாற்காலியில் அவர் வேகம் குறைந்தது. ஐந்தாவதில் கை நின்றது. திரும்பப் போய் முதல் நாற்காலியைப் பார்த்தார். 

"தம்பி, இங்க வா."

போனேன்.

"இதெல்லாம் இன்னாது? எங்க பாத்தாலும் எனக்கு வந்ததே இருக்குது."

சொல்லிவிட்டேன். டீ குடிக்கப் போனதிலிருந்து எல்லாவற்றையும். மேலே இருந்தது, அதனால் அதையே ஒட்டிக்கொண்டு போனேன் என்றேன். மூன்று வருடமும் வருடத்தை மட்டும் மாற்றினேன் என்றேன். அவர் காலைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதையும் மறைப்பதற்கில்லை.

 அக்கா கையில் இருந்த ஈர அட்டையைப் பார்த்தார். பாஸ்டரைப் பார்த்தார். பெருக்கிக்கொண்டிருந்த சபையார் ஒவ்வொருவரையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அடப்பாவி. ஊருக்கே ஒரே டிசைன வித்துட்டியேடா."

சொல்லி முடிப்பதற்குள் உதடு துடித்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு ஆரம்பித்து, பொத்த முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் மூணு வருஷமா ஆண்டவரோட சண்ட போட்டுகினு இருந்தேனே என்று நடுநடுவே சொல்லிச் சிரித்தார். அது தொற்றிக்கொண்டு என் மனைவி சிரித்தாள், விஷயம் தெரியாத பாஸ்டரும் சிரித்தார். அக்காவுக்கு மூச்சு வாங்கியது, கால் தள்ளாடியது, இரண்டடி பின்னால் போனார். அங்கே இருந்த நாற்காலியில், காயப்போட்ட அட்டைகளின் மேலேயே, பொத்தென்று உட்கார்ந்தார்.

உட்கார்ந்தபடி இன்னும் கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. இடுப்பிலிருந்து போனை எடுத்து மகனுக்கு அடித்தார். டவர் இல்லை. என் போனைப் பிடுங்கி அடித்தார், மனைவியின் போனிலும் அடித்தார். மூன்று நாளாக யாருக்கும் எதுவும் கிடைக்காத ஊரில் அவருக்கு மட்டும் எப்படிக் கிடைக்கும்? இரண்டு கையையும் நாற்காலியின் கைப்பிடியில் ஊன்றினார். எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். பாதி எழுந்தும்விட்டார். அந்த நிலையில் அப்படியே எவ்வளவு நேரம் இருந்தார் என்று சொல்லத் தெரியவில்லை. 

"இத்தினி வருசம் நான் நின்னதாலயா அவன் இருந்தான்?"

யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. பதிலுக்கும் காத்திருக்கவில்லை. மெதுவாக உடம்பைத் திரும்ப நாற்காலியில் இறக்கினார்.

"அந்தச் சேர இப்டித் தள்ளு தம்பி."

தள்ளினேன். இரண்டு கையாலும் இடது காலைத் தூக்கி அதன்மேல் வைத்தார். என் மனைவி காலைத் தாங்கிப் பிடித்து, இன்னொரு நாற்காலியை அடியில் அடுக்கி உயரமாக்கினாள். ஆராதனை அப்படித்தான் தொடங்கியது. மேலே வானம், எங்களுக்கு நடுவே காலைத் தூக்கிக்கொண்டு அக்கா. முதல் பாட்டு முடிவதற்குள் நிம்மதியாகத் தூங்கிப்போனார். வாய் லேசாகத் திறந்திருந்தது. அவர் தூங்கி நாங்கள் யாரும் பார்த்ததில்லை என்பதால் பாஸ்டர் அன்று மெதுவான குரலில் பிரசங்கம் செய்தார், அதுவும் இருபது நிமிடம்தான்.

அந்த மாதமே ஆபரேஷன் நடந்தது. மூன்று மாதமும் காலைத் தூக்கி வைத்திருந்தார், புண் ஆறியது, கடைக்கு முழுக்குப் போட்டுவிட்டு மகனோடு சென்னைக்குப் போனார். அதெல்லாம் பிறகு. அன்று நடந்ததை முடித்துவிடுகிறேன்.

கடைசிப் பாட்டின்போது வாசலில் ஒரு பெரிய உருவம் வந்து நின்றது. இரண்டு கையிலும் பிரெட் பாக்கெட்டும் மெழுகுவத்தியும் தண்ணீர் கேனும். அம்மாவின் போன் கிடைக்காததால் கிடைத்த பஸ்ஸில் பாதி தூரமும், லாரியில் மீதி தூரமும், மரம் விழுந்த சாலையில் நடந்தும் வந்திருக்கிறான். வேர்வையில் குளித்திருந்தான். சிரித்துக்கொண்டே உள்ளே காலை வைத்தவன், நாற்காலியில் கண்மூடிச் சாய்ந்திருந்த அம்மாவைப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது. கேனைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து என் சட்டையைப் பிடித்தான்.

"அண்ணே, அம்மாவுக்கு இன்னா ஆச்சு? ஏன் குந்தியிருக்குது?"

தொண்ணூறு கிலோவும் நடுங்கியது.  சத்தத்தில் அக்கா கண்ணைத் திறந்தார். மகனை உச்சியிலிருந்து பாதம்வரை ஒரு தடவை பார்த்தார், பிறகு பாதத்திலிருந்து உச்சிவரை. கண் நிறைந்து வழிந்தது. கை மட்டும் அவனை நோக்கி நீண்டது. எழுந்திருக்கவில்லை.

"வா வா" என்றார். "ஃபேன் இல்ல, கூரையும் இல்ல. புடிச்சா உக்காரு."